ஒன்பதாம் கூடத்துக் கட்டில்

மார்ச் 5, 2018, திங்கள்

முட்டி வலி. வேனில் இடம் கிடைக்காமல் சில்கா வரைக்கும் நின்றே போனேன். ஐம்பத்தேழு வயதில் என்னை மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு வாரப் பயிற்சி. முடித்தால் உவான்காயோவில் புதிதாகத் திறந்திருக்கும் மனநல மையத்தில் வேலை. முடிக்காவிட்டால் பொது ஆஸ்பத்திரியிலேயே மலச்சட்டி கழுவிக்கொண்டிருக்கலாம்.

மையம் என்றால் ஒரு வாடகை வீடுதான். பச்சைச் சுண்ணாம்பு, முற்றத்தில் ஒரு குழாய். டாக்டர் பெர்ரோகல் முதலில் பேசினார். இனி யாரையும் லிமாவுக்கு அனுப்பிப் பூட்டி வைக்கக் கூடாது, இங்கேயே, வீட்டுப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு நோயிலிருந்து மீண்டவர்களையே துணையாளாக வைத்திருக்கிறோம் என்றார். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் கொட்டாவி விட்டாள்.

அடுத்துக் குட்டையாக ஒரு பெண் எழுந்து வந்தாள். ஊதா ஸ்வெட்டர், ஒற்றைச் சடை.

“என் பேரு ஒதிலியா யாராங்கா. நான் டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல. லிமாவுல பெரிய ஆஸ்பத்திரியில ஒன்பதாம் கூடத்துல நாலு வருஷம் கெடந்தவ. உங்க யாருக்கும் தெரியாத ஒண்ணு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் இப்ப சம்பளம் குடுக்கறாங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். எந்த வருஷம் என்று யாரோ கேட்டார்கள். தொண்ணூற்றொன்றிலிருந்து தொண்ணூற்றைந்து என்றாள்.

எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றாறு வரை ஒன்பதாம் கூடத்தில் பகல் முறை உதவிச் செவிலி நான்.

மார்ச் 6, செவ்வாய்

ஒதிலியா என்னை நேராகப் பார்த்தாள். பேரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

மார்ச் 9, வெள்ளி

அப்போது ஒன்பதாம் கூடத்தில் அறுபது பேருக்கு நாங்கள் மூன்று பேர். இதை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் தரையெல்லாம் ஈரம். ஒருத்தி ஜன்னல் கண்ணாடியில் தலையை மோதுவாள், ஒருத்தி அடுத்தவளின் காதைக் கடிப்பாள். டாக்டர் வாரத்துக்கு இரண்டு நாள் வருவார். ‘கட்டி வை’ என்பது அவர் எழுதிவிட்டுப் போன உத்தரவு. பழைய போர்வையைக் கிழித்துப் பட்டை செய்வோம். கட்டினேன். எத்தனை பேரை என்று கணக்கில்லை. எல்லோரும் கட்டினார்கள்.

ஒதிலியாவையும் கட்டினேன். நுழைவாசல் பக்கம் இரண்டாவது கட்டில்.

முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. முகம் மாறிவிட்டது. பேசுவதற்கு முன்னால் கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறாளே, அதை வைத்து.

இன்று வகுப்பில் ஒருவர் கேட்டார்: “ஒருத்தர் கத்திக்கிட்டே இருக்காரு, நமக்கு ஒண்ணும் புரியல. என்ன பண்றது?”

“ஒண்ணும் புரியலன்னா கைய மடியில வெச்சிக்கிட்டுப் பக்கத்துல உக்காருங்க. நம்ம கை சும்மா இருக்கறதப் பாத்தாலே அவங்களுக்குப் பாதி பயம் போயிடும்” என்றாள் ஒதிலியா.

நான் என் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 16, வெள்ளி

பயிற்சி முடிந்தது. சான்றிதழ். என் வீட்டுக்காரர் அப்தோன் அதைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்கிறார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு ஒரு சான்றிதழும் கிடைக்கவில்லையாம், வீட்டில் ஒருத்தருக்காவது இருக்கட்டுமாம்.

வேண்டாம் என்றேன்.

மார்ச் 19, திங்கள்

பெர்ரோகல் எங்களை ஜோடி ஜோடியாகப் பிரித்தார். வீட்டு வருகைக்கு ஒரு செவிலியும் ஒரு துணையாளும். “டெல்மீரா போமா, ஒதிலியா யாராங்கா. புதன்கிழமை சில்கா பக்கம்.”

மாற்றச் சொல்லலாம் என்று அவர் அறைக் கதவு வரை போனேன். என்ன காரணம் சொல்ல?

வீட்டுக்கு வந்து அப்தோனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே கேட்டார்.

“அவகிட்ட சொல்லிடு.”

“சொன்னா வேலை போயிடும்.”

“வேலை போயிடும்னுதானா பயப்படுற?”

நான் எழுந்து அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அவர் அடுத்த கிழங்கை எடுத்தார்.

ஏப்ரல் 11, புதன்

ஸெனோவியோ என்பவர் வீடு. மனைவி இல்லை. மகள் நெல்லிக்கு இருபத்தெட்டு வயது. சமையலறைக்குப் பின்னால் கறிக்கு வளர்க்கும் கூய் எலிகளை அடைக்கிற கூண்டை ஒட்டி ஓர் அறை, வெளியே பூட்டு. இரண்டு வருஷமாக அதற்குள்தான் இருக்கிறாள். ஒருமுறை நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டாளாம், அதிலிருந்து பூட்டு.

“நான் கெட்டவன் இல்ல சீனியோரா. சந்தைக்குப் போவேனா, இவளக் காவல் காப்பேனா, நீங்களே சொல்லுங்க” என்று என்னிடம் சண்டைக்கு வருவதுபோலச் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. எப்படி வரும்?

ஒதிலியா பூட்டைப் பற்றிப் பேசவே இல்லை. கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தாள். உள்ளே இருந்தவளிடம் சந்தையில் இந்த வாரம் பட்டாணி மலிவு, ஒரு கிழவன் வேனில் கோழியோடு ஏறினான், கோழி என் மடியில் முட்டை போட்டுவிட்டது என்று கதை சொன்னாள். அரை மணி நேரம்.

கிளம்பும்போதுதான் உள்ளேயிருந்து, “முட்டைய யாரு எடுத்துக்கிட்டா?” என்று குரல் வந்தது.

“கெழவன்தான். குடுப்பானா?” என்றாள் ஒதிலியா.

ஏப்ரல் 25, புதன்

திரும்பி வரும்போது வேனில் பின் இருக்கை. நான் கேட்காமலேயே சொன்னாள்.

“எனக்குக் கொழந்த பொறந்து பன்னெண்டு நாள்தான் ஆகியிருந்தது டெல்மீராக்கா. பொண்ணு. தூக்கம் போச்சு, புத்தி போச்சு. வீட்டுக்காரன் வீட்டு ஆளுங்க என்னக் கொண்டுபோய் அங்க விட்டுட்டுக் கொழந்தயத் தெக்கே தாக்னா ஊருக்கு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. பால் கட்டிக்கிச்சு. கல்லு மாதிரி. ஒரு கைய மட்டும் அவுத்து விடுங்க, பீச்சிட்டு நானே கையக் குடுத்துடறேன்னு கெஞ்சினேன்.”

“விட்டாங்களா?” என்று கேட்டேன். கேட்டேனே. என்ன வாய் என் வாய்.

“இல்ல. அப்புறம் சீழ் வச்சு அறுத்தாங்க. மருந்துல அங்க இருந்தவங்க மொகமெல்லாம் நெனப்புலேர்ந்து அழிஞ்சுபோச்சு. ஒரு கொரல் மட்டும் இன்னும் காதுல இருக்கு.”

வேன் நின்றது. இறங்கும்போது அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். என் முட்டிக்காக.

அவள் விட்டுவிட்டதை நான் இங்கே எழுதிவிடுகிறேன். அப்போது என் மகன் வில்மானுக்கு ஐந்து மாதம். அவனை அண்டை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வருவேன். அவள் ‘பால்’ என்று அழுதபோது எனக்கே சுரந்து சட்டை நனைந்தது. மேலே கோட்டைப் போட்டு மறைத்துக்கொண்டேன். ஒரு கையை அவிழ்க்க உத்தரவு வேண்டியதில்லை. யாரும் பார்க்கப் போவதுமில்லை. கூடம் முழுக்க ஒரே கூச்சல், எனக்குத் தலை வெடித்தது, இவளும் கத்துகிறாளே என்று – “கத்துனா இன்னும் இறுக்குவேன்” என்றேன்.

இறுக்கவும் செய்தேன்.

ஏப்ரல் 26, வியாழன்

இன்று முழுக்க நான் மெல்லத்தான் பேசினேன். தொண்டை சரியில்லையா என்று ஒதிலியா கேட்டாள். ஆமாம் என்றேன். மதியம் எமோலியெந்தே கஷாயம் விற்கிற வண்டியில் சூடாக ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். குடித்தேன்.

மே 9, புதன்

ஸெனோவியோ இன்று அவராகவே பூட்டைத் திறந்தார். நெல்லி வாசல் வரை வந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். யான்னெட் (எங்கள் உளவியலாளர், சின்னப் பெண், கெட்டிக்காரி) மருந்தைப் பற்றி அப்பாவுக்கு விளக்கினாள். பக்கத்து வீட்டு அம்மாள் சந்தை நாட்களில் வந்து உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆறு பேர் இப்படிச் சேர்ந்தால் ஒரு பூட்டு போகிறது.

எங்களுக்கு மோத்தே சோளச் சூப் வைத்தார்கள். நெல்லி ஒதிலியாவின் சடையைத் தொட்டுப் பார்த்து, “நீயும் உள்ள இருந்தியா?” என்று கேட்டாள்.

“இருந்தேன்.”

“எப்படி வெளிய வந்த?”

“யாரோ வந்து பக்கத்துல உக்காந்தாங்க. ரொம்ப நாள் கழிச்சுத்தான் வந்தாங்க. ஆனா வந்தாங்க.”

அந்த யாரோ நான் இல்லை.

மே 23, புதன்

மையத்தில் எல்லாத் துணையாட்களும் ஒரு தாள் எழுதி ஒப்படைக்க வேண்டும். மறுபடி உடம்பு கெட்டால் அதன் அறிகுறி என்ன, யாரிடம் சொல்ல வேண்டும், என்ன செய்யக் கூடாது. நகல் ஒன்றை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்க வேண்டும்.

ஒதிலியா தன் நகலை என்னிடம் கொடுத்தாள்.

“எங்கிட்டயா? யான்னெட் இருக்காளே.”

“யான்னெட்டுக்கு நூறு வேலை. நீங்கதானக்கா தெனம் கூட இருக்கீங்க.”

பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள். ‘மூன்று நாள் தூங்காவிட்டால், வேகமாகப் பேசினால், என் பொருளை எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தால் யான்னெட்டிடம் சொல்லவும். வேண்டாம் என்பேன். கேட்காதீர்கள். சொல்லவும். என்னைக் கட்டக் கூடாது.’

கடைசி வரியில் பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

இன்று சொல்லியிருக்க வேண்டும். தாளை வாங்குவதற்கு முன்னால்.

ஜூன் 5, செவ்வாய்

ஒதிலியாவின் மகள் தாக்னாவிலிருந்து போன் செய்தாளாம். இருபத்தேழு வருஷத்தில் முதல் முறை. ஒதிலியா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“கொரல் என்ன மாதிரியே இருக்குக்கா. ‘அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லித்தான் என்ன வளத்தாங்க, இனிமேலும் அப்படியே இருக்கட்டும், தேடாதீங்க’ன்னு சொன்னா. மரியாதையாத்தான் சொன்னா. நீங்க வாங்கன்னுதான் பேசினா.”

சிரிப்பு நிற்கவே இல்லை.

ஜூன் 11, திங்கள்

ஊதா ஸ்வெட்டரை நெல்லியிடம் கொடுத்துவிட்டாள். கைக்கடிகாரத்தை வாசலில் பழம் விற்பவளிடம். பேச்சு ஓடுகிறது, ஒரு வாக்கியம் முடிவதற்குள் அடுத்தது. எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேட்டேன்.

“நாலு நாள். சொல்லிடாதீங்கக்கா. இப்பத்தான் நிரந்தரம் பண்ணப்போறாங்க. பைத்தியத்துக்கு வேலை குடுத்தா இப்படித்தான்னு சொல்லுவாங்க. உங்களக் கெஞ்சிக் கேக்கறேன்.”

கெஞ்சிக் கேட்கிறேன் என்றாள். ஒருமுறை அவள் கெஞ்சியும் நான் கேட்கவில்லை. இந்த முறையாவது கேட்கலாமே என்று –

சரி, சொல்ல மாட்டேன் என்றேன்.

தாள் என் பையில்தான் இருக்கிறது.

ஜூன் 14, வியாழன்

அவள் வேலைக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. தடுமன் என்று பெர்ரோகலிடம் நானே சொன்னேன்.

ஜூன் 16, சனி

எழுதிவிட்டால் நல்லது.

காலை பதினொரு மணிக்கு ஆட்டம். முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு பெரு உலகக் கோப்பையில் ஆடுகிறது, தெருவில் ஆளே இல்லை. அப்தோன் சிவப்புப் பட்டைச் சட்டையோடு டிவி முன்னால். பாதியில் யான்னெட்டின் போன். ஒதிலியாவை ரயில் தண்டவாளத்தில் பிடித்திருக்கிறார்கள், போலீஸ் பொது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறது, நான் ஹவுஹாவில் இருக்கிறேன், வர ஒரு மணி நேரமாகும், நீங்கள் போங்கள் என்றாள்.

அப்தோன் கேள்வி கேட்காமல் வண்டியை எடுத்தார்.

அவசரப் பிரிவில் எல்லோரும், காத்திருக்கும் அறையின் டிவி முன்னால். உள்ளே கடைசிக் கட்டிலில் அவள். இரண்டு கை, இரண்டு கால். இப்போது துணி இல்லை, வெல்க்ரோ பட்டை. கட்டியிருந்த பையன் மார்ச் மாதம் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அதே பயிற்சியை முடித்தவன்.

“அக்கா, நான் ஒருத்தன்தான் இருக்கேன். டாக்டர் மாடியில. ரெண்டு பேரக் கடிச்சிட்டாங்க. வேற என்ன பண்ண?”

அவனை என்ன சொல்ல? தாளைக் காட்டினேன். என் பொறுப்பு, கையெழுத்துப் போடுகிறேன், அவிழ்க்கிறேன் என்றேன். அவன் நகர்ந்துகொண்டான்.

வலது கையை அவிழ்த்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. இடது கைக்குப் போகும்போது பட்டை சிக்கிக்கொண்டது. நான் பழைய குரலில், சத்தமாக, “ஆடாத, கொஞ்சம் ஆடாம இரு” என்றேன்.

கண்ணைத் திறந்தாள்.

“நீயா.”

அப்புறம் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. விடுபட்ட கையால் மார்பை மூடிக்கொண்டு சுவரோடு சுவராக ஒடுங்கிக்கொண்டாள். “இவ வேணாம். இவளப் போகச் சொல்லுங்க. இவ வேணாம்.” குழந்தை மாதிரி. மற்ற மூன்று பட்டைகளையும் அந்தப் பையனையே அவிழ்க்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். “கைய மடியில வெச்சிக்கிட்டுப் பக்கத்துல உக்காரு” என்று அவனிடம் சொன்னேன். உட்கார்ந்தான். யான்னெட் வரும்வரை அவன் அசையவில்லை, நல்ல பையன். அவள் கடிக்கவுமில்லை.

நான் தாழ்வாரத்தில் நின்றேன். ஆட்டத்தில் பெரு தோற்றுவிட்டது போலிருக்கிறது. டிவி முன்னால் பெரிய ஆண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நானும் அழுதேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஜூன் 17, ஞாயிறு

அஞ்சு நாள். அஞ்சு நாள் எல்லாம் தெரிஞ்சும் தாளை வெச்சிக்கிட்டு இருந்தேன். அப்ப கட்டினது உத்தரவுன்னு சொல்லலாம். இது?

ஜூன் 18, திங்கள்

பெர்ரோகலிடம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கம். தொண்ணூற்றொன்றும், போன வாரமும். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்தக் காலத்துல எல்லா இடத்துலயும் அதுதான் நடைமுறை, டெல்மீரா. இதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

“போன வாரத்துக்கு?”

அதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். வீட்டு வருகையிலிருந்து எடுத்து மருந்து அறையில் போட்டிருக்கிறார். இன்னும் பெரியதாக எதையோ எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

ஜூலை 9, திங்கள்

ஒதிலியா பதினேழு நாள் உள்ளே இருந்துவிட்டு வீடு திரும்பியிருக்கிறாள். இங்கேயே, உவான்காயோவிலேயே. லிமாவுக்கு அனுப்பவில்லை. நெல்லியும் ஸெனோவியோவும் மாறி மாறிச் சாப்பாடு கொண்டுபோகிறார்களாம். வேலையும் போகவில்லை. நோய் வந்தால் துணையாள் வேலை போகாது என்று பெர்ரோகல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவள் எதற்குப் பயந்தாளோ அது நடக்கவே இல்லை. நான் அன்றைக்கே சொல்லியிருந்தாலும் நடந்திருக்காது.

ஜூலை 20, வெள்ளி

மருந்து அறை ஜன்னலில் வந்து நின்றாள். மெலிந்திருக்கிறாள். சடையை வெட்டிவிட்டாள். மருந்துச் சீட்டை நீட்டினாள். நான் மாத்திரைகளை எண்ணிக் கொடுத்தேன். பின்னால் யாரும் இல்லை. போகாமல் நின்றாள்.

“ஒதிலியா, நான் –”

“இருங்க. நான் சொல்றேன்.” கீழுதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். “பயிற்சியில மூணாவது நாளே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அப்புறம் நீங்க கொரல எறக்கிப் பேச ஆரம்பிச்சப்ப இன்னும். இருக்காதுன்னு நானே சொல்லிக்கிட்டேன்.”

“ஏன்?”

“உங்ககூட வேன்ல போறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிப்புக் கேட்டேன். எத்தனை தடவை என்று தெரியாது. அவள் ஜன்னல் கட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், “கேட்டாச்சு. ஆனா என்னால உங்ககூட இனிமே வர முடியாது. உங்களப் பாத்தா உடம்பு தானா சுருங்குது. நான் சொல்லியெல்லாம் கேக்க மாட்டேங்குது” என்றாள்.

இனி அக்கா என்று கூப்பிடமாட்டாள் போல. இன்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 2, வியாழன்

ஒதிலியா யான்னெட் வழியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். அடுத்த பயிற்சிகளில், கட்டியவர்கள் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டுமாம். ‘கட்டினா என்ன ஆகும்னு நான் சொல்வேன். எப்படிக் கட்டுற ஆளா ஒருத்தி ஆகறான்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்குத்தான் தெரியும்.’ ஆனால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நாளில் வேண்டாம். ஒரே அறையில் வேண்டாம்.

அப்தோன், “போவியா?” என்றார்.

“முட்டி வலிக்குது.”

“நான் வண்டி ஓட்டறேன்” என்றார்.

அக்டோபர் 16, செவ்வாய்

ஹவுஹா. நகராட்சிக் கூடத்தில் முப்பத்திரண்டு பேர். உதவிச் செவிலிகள், இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு பள்ளி ஆசிரியை. எழுதிக்கொண்டு போயிருந்தேன், படிக்கவில்லை. பேரைச் சொன்னேன், வருஷத்தைச் சொன்னேன், கூடத்தைச் சொன்னேன். அறுபது பேருக்கு மூன்று பேர் என்பதையும் சொன்னேன்; அதைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் அந்த ஒரு கையைப் பற்றிச் சொன்னேன். நனைந்த என் சட்டையைப் பற்றி. என்ன சொல்லி இறுக்கினேன் என்பதையும். தலையாட்டல் நின்றுவிட்டது.

அந்த ஆசிரியைதான் கேட்டார்.

“அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க?”

“நாளைக்கு இங்க வருவாங்க. உங்களுக்குப் பாடம் நடத்தறது அவங்கதான்.”

“நீங்களும் வருவீங்களா?”

“இல்லம்மா. நான் இன்னிக்கே கெளம்பிடுவேன்.”